ஆண்டறிக்கை எழுத உட்காரும் இளையவருக்கு



பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கையைத் தொகுக்கும் வேலை இந்த முறை உன் தலையில் விழுந்திருக்கிறது. மாணவர் சாதனைகள் ஒரு பகுதி, சமூகப் பணிகள் ஒரு பகுதி. துறைகளிலிருந்து குறிப்புகள் வந்து குவியும். ‘இனிதே நடைபெற்றது’, ‘வெகு சிறப்பாகக் கொண்டாடப்பட்டது’. அப்படியே ஒட்டி அச்சுக்கு அனுப்பினாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை. படித்தால்தானே குறை சொல்ல!

படிக்கும்படி எழுத வழி உண்டு. எடுத்துக்காட்டுக்கு 2016ஆம் ஆண்டைப் பார். ஜூன் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பிஎஸ்எல்வி-சி34 ராக்கெட்டில் 20 செயற்கைக்கோள்கள். அவற்றில் இரண்டு, கல்வி நிலையங்களில் உருவானவை: சென்னை சத்யபாமா பல்கலைக்கழகத்தின் ஒன்றரைக் கிலோ சத்யபாமாசாட், புனே பொறியியல் கல்லூரியின் ஒரு கிலோ ஸ்வயம். செப்டம்பர் 26 அன்று சி35 ராக்கெட்டில் மும்பை ஐஐடியின் பிரதமும் பெங்களூரு பிஇஎஸ் பல்கலைக்கழகத்தின் பைசாட்டும் போயின. அறிக்கை எழுதுகிறவருக்கு இதைவிட வாகான ஆண்டு அமையாது.

ஆனால் பிரதம் வேலை தொடங்கியது 2007இல். தொடங்கிவைத்த மாணவர்கள் பட்டம் வாங்கிப் போய் வெகுகாலம் கழித்துத்தான் அது விண்ணுக்குப் போனது. ஒரு அணி படிப்பை முடித்து வெளியேறும். அடுத்த அணி விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும். நடுவில் வந்து நடுவிலேயே போன பிள்ளைகள் எந்த ஆண்டின் அறிக்கையில் வருவார்கள்? தொடக்க விழாவிலும் அவர்கள் இல்லை, ஏவுதளத்திலும் இல்லை. உன் பல்கலைக்கழகத்தில் அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் உன் முதல் வேலை. பழைய மாணவர் சங்கத்தில் தொலைபேசி எண்கள் கிடைக்கும்.

அடுத்தது, பொருளைக் கிட்டப் போய்ப் பார். ‘அதிநவீனத் தொழில்நுட்பம்’ என்று எழுதினால் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார். ஸ்வயம் திசை பிடித்து நிற்க மின்சாரமே செலவழிப்பதில்லை என்று எழுது. உள்ளே வைத்த காந்தம், திசைகாட்டி முள்ளைப் போல, பூமியின் காந்தப்புலத்தோடு தன்னைச் சேர்த்துக்கொள்கிறது. ஒரு கிலோ எடைக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டிய பிள்ளைகள் கண்ட வழி அது.

சமூகப் பணியைத் தனிப் பகுதியாகப் பிரித்துவைக்கும் வழக்கமும் சரியில்லை. வளிமண்டலத்தின் மேலடுக்கில் எவ்வளவு எலெக்ட்ரான் இருக்கிறது என்று அளப்பதுதான் பிரதமுக்குத் தரப்பட்ட வேலை. அது அனுப்பும் ரேடியோ அலை அந்த அடுக்கைக் கடக்கையில் சற்றே முறுக்கிக்கொள்ளும். எவ்வளவு முறுக்கு என்பதைக் கீழே ஆன்டெனாவால் அளந்தால் கணக்கு கிடைத்துவிடும். ஒரே இடத்தில் அளந்தால் போதாது என்பதால் பிரதம் அணியினர் மற்றக் கல்லூரிகளையும் தரைநிலையம் அமைக்கவைத்தார்கள். எங்கோ ஒரு கல்லூரி மொட்டைமாடியில் ஆன்டெனா வைத்து அளந்த மாணவர், சாதனைப் பகுதியில் வருவாரா, சமூகப் பகுதியிலா?

நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களுக்கும் இதே கண் வேண்டும். சிறப்பு முகாம் ஏழு நாள். அறிக்கைகளில் முதல் நாளும் கடைசி நாளும் மட்டுமே இருக்கும்: குத்துவிளக்கு, பொன்னாடை, நன்றியுரை. நடுவே தூர் வாரிய வாய்க்காலைப் பற்றி அரை வரி. நீ எட்டாம் நாள் அந்த ஊருக்குப் போ. முடிந்தால் போன ஆண்டு முகாம் நடந்த ஊருக்கும் போய், நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்திருக்கின்றன என்று எண்ணிப் பார். பாதி பட்டுப்போயிருந்தால் அதையும் எழுது. யார் தண்ணீர் ஊற்றிப் பிழைக்கவைத்தார்கள் என்பதைக் கட்டாயம் எழுது. அநேகமாக அது ஊர்க்காரர் ஒருவராகத்தான் இருப்பார், எந்தத் துறைக் குறிப்பிலும் அவர் பெயர் வராது.

இதையெல்லாம் சேர்த்தால் பக்கம் கூடும். அச்சுச் செலவு என்று அலுவலகத்தில் முணுமுணுப்பார்கள். விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தும் படங்களில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிடு. நாலைந்து பக்கம் தாராளமாகக் கிடைக்கும்.