லேப்டாப் ஆன் ஆகலையா? இ.எம்.ஐ. பட்டனைத் தட்டறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் கொடுங்க



போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என் லேப்டாப் அப்படியே படுத்துடுச்சு. பவர் பட்டனை அழுத்தினா லைட்டும் இல்ல, சத்தமும் இல்ல. மறுநாள் காலையில பக்கத்துல இருந்த ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிட்டு ஓடினேன். என் சார்ஜரையே சொருகி ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு, "மதர்போர்டு போச்சு சார், 18,500 ஆகும். அதுக்குப் புதுசே வாங்கிடலாம்"னு சொல்லிட்டார். கடை வாசல்லயே நின்னு 60,000 ரூபாய்க்கு ஒரு லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்து, 12 மாச இ.எம்.ஐ. வரைக்கும் போயிட்டேன். கடைசி நிமிஷத்துல என்னைக் காப்பாத்தினது புத்திசாலித்தனம் எல்லாம் இல்ல, ஓ.டி.பி. வரலை, அவ்வளவுதான். சாயங்காலம் ஒரு நண்பரோட சார்ஜரைச் சொருகினதும் லேப்டாப் ஆன் ஆயிடுச்சு. போனது சார்ஜர் மட்டும். 1,400 ரூபாய்ல வேலை முடிஞ்சுது.

மதர்போர்டு நிஜமாவே போறதும் உண்டு, இல்லைன்னு சொல்லலை. ஆனா அதை முடிவு பண்றதுக்கு முன்னாடி நீங்களே வீட்டுல பார்க்க வேண்டியது கொஞ்சம் இருக்கு. (ஆபீஸ் கொடுத்த லேப்டாப்னா இது எதையும் பண்ணாதீங்க. ஐ.டி. டீமுக்கு ஒரு மெயில் போட்டுட்டு காபி குடிங்க.)

முதல்ல கரண்ட் லேப்டாப் வரைக்கும் வருதான்னு பாருங்க. அதே பிளக்ல போன் சார்ஜ் ஆகுதா? எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டுட்டு நேரா சுவர்ல இருக்கிற பிளக்ல சொருகுங்க. அப்பவும் சார்ஜிங் லைட் எரியலைன்னா வேற ஒரு சார்ஜர் கடன் வாங்குங்க. உருண்டை பின் சார்ஜர்னா, அடியில போட்டிருக்கிற வோல்ட் உங்க பழைய சார்ஜர்ல இருக்கிறதோட ஒத்துப்போகணும், ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம். டைப்-சி சார்ஜர்னா லேப்டாப்புக்குத் தேவையான வாட் இருக்கான்னு பாருங்க. சாதாரண 10 வாட் போன் சார்ஜரைச் சொருகிட்டு "இதுலயும் ஏறலையே"ன்னு பயப்பட வேண்டாம், அது ஏறாது.

அடுத்தது, காசே செலவில்லாத வைத்தியம். சார்ஜர், பென் டிரைவ், மவுஸ் எல்லாத்தையும் கழட்டுங்க. பேட்டரி வெளிய எடுக்கிற மாடல்னா அதையும் எடுத்துடுங்க. பவர் பட்டனை 30 செகண்ட் விடாம அழுத்திப் பிடிங்க. உள்ளே தங்கியிருக்கிற மிச்ச கரண்ட் வடிஞ்சிடும். அப்புறம் சார்ஜரை மட்டும் சொருகி ஆன் பண்ணுங்க. கேட்க சிரிப்பா இருக்கும், ஆனா நிறைய லேப்டாப் இதுலயே எழுந்துடும்.

லைட் எரியுது, ஃபேன் ஓடுது, ஸ்கிரீன் மட்டும் கறுப்பா இருக்குன்னா அது வேற கதை. கேப்ஸ் லாக் அழுத்தினா அந்தச் சின்ன லைட் மாறுதா? மாறினா மெஷின் உயிரோட இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்கிரீன் மேல போன் டார்ச்சைச் சாய்வா அடிச்சுப் பாருங்க. மங்கலா எழுத்து தெரிஞ்சா பின்னாடி எரியற லைட்தான் போயிருக்கு. எச்.டி.எம்.ஐ. கேபிள் போட்டு வீட்டு டி.வி.ல இணைங்க. டி.வி.ல படம் வந்தா பிரச்சினை டிஸ்ப்ளே பக்கம், மதர்போர்டை மாத்தச் சொல்ற கடைக்குப் போக வேண்டாம். ஆன் பண்ணும்போது பீப் பீப்னு சத்தம் மட்டும் வந்தா பெரும்பாலும் ராம் சரியா உட்காரலை. அதைக் கழட்டி, தங்க நிறக் கால்களை ரப்பரால துடைச்சு மாட்டினாலே பல சமயம் சரியாகும். வாரண்டி இருந்தா மட்டும் நீங்க திறக்காதீங்க.

டெஸ்க்டாப் வச்சிருக்கிறவங்க பின்பக்கம் எஸ்.எம்.பி.எஸ். சுவிட்சைப் பாருங்க. வீட்டைப் பெருக்கும்போது அது ஆஃப் ஆகியிருக்கும்!

ரெண்டு இடத்துல மட்டும் கை வைக்கக் கூடாது. பேட்டரி உப்பி, டச்பேட் தூக்கிட்டு நின்னா சார்ஜ் போடாதீங்க, அழுத்தாதீங்க. காபி, தண்ணி கொட்டியிருந்தா "ஆன் ஆகுதா பார்ப்போம்"னு முயற்சியே வேண்டாம். அரிசி மூட்டையும் வேண்டாம். நேரா கடைக்கு.

கடையில முதல்ல எஸ்டிமேட் எழுதி வாங்குங்க. மதர்போர்டுன்னு சொன்னா, "எந்த பார்ட் போச்சு? சிப் லெவல்ல சரி பண்ண முடியுமா?"ன்னு கேளுங்க. மொத்த போர்டையும் மாத்தறதுக்கும், அதுல ஒரே ஒரு பார்ட்டை மாத்தறதுக்கும் விலையில பெரிய வித்தியாசம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனீங்கன்னா சிப் லெவல் பண்றவங்க இருப்பாங்க, ரெண்டு கடையில கேட்டுப் பாருங்க. மாத்தின பழைய பார்ட்டைக் கையில கேளுங்க. என் கணக்கு இதுதான்: ரிப்பேர் செலவு, அதே மாதிரி புது லேப்டாப் விலையில மூணுல ஒரு பங்குக்குள்ள இருந்தா ரிப்பேர். விண்டோஸ் 11 ஏறாத பழைய மெஷின்னா அந்த அளவுக்குக்கூட செலவு பண்ண மாட்டேன், ஏன்னா விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர்லயே நிறுத்திடுச்சு.

சரி, புதுசுதான் வாங்கணும்னு ஆயிடுச்சுன்னா அந்த "நோ காஸ்ட் இ.எம்.ஐ."யைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம். ஜீரோ வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லயே சொல்லிடுச்சு. நடக்கிறது என்னன்னா, பேங்க் வட்டி போடும், அந்தத் தொகையை விலையில தள்ளுபடியாக் காட்டுவாங்க. 60,000 ரூபாய், 12 மாசம், 15 சதவீத வட்டின்னு வச்சுக்கோங்க. வட்டி சுமார் 4,600. அந்த வட்டி மேல 18 சதவீத ஜி.எஸ்.டி., அதாவது சுமார் 830 ரூபாய், உங்க பில்லுல வரும். பிராசஸிங் ஃபீ 199-னா அதுக்கும் ஜி.எஸ்.டி. சேர்த்து 235. ஆக, 'நோ காஸ்ட்'டோட காஸ்ட் ஆயிரத்துக்கு மேல. முழுப் பணம் கட்டினா கிடைக்கிற தள்ளுபடி எதையாவது விட்டீங்கன்னா அது தனி.

ஒரு லேப்டாப் அஞ்சு வருஷம் உழைக்கும்னு வச்சுக்கிட்டா, 60,000-ங்கிறது மாசம் 1,000 ரூபாய். சம்பளம் வர்ற அன்னைக்கே ஒரு ஆர்.டி.ல போட்டுட்டு வந்தா, அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வரும்போது பேங்க் முன்னாடி நிக்க வேண்டியதில்ல. நான் ஓ.டி.பி. வராத அந்த வாரமே ஆரம்பிச்சேன்.

இன்னொண்ணு, இதுதான் நிறைய பேர் மாட்டிக்கிற இடம். லேப்டாப் செத்தா உள்ளே இருக்கிற ஃபைல்கள் சாகறதில்ல. பல மாடல்கள்ல எஸ்.எஸ்.டி.யைக் கழட்டி, ஒரு யு.எஸ்.பி. கேஸ்ல போட்டு வேற கம்ப்யூட்டர்ல திறக்கலாம். போர்டோட சேர்த்து ஒட்டின மாடல்கள்ல இது முடியாது. ஆனா விண்டோஸ்ல பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தா, வேற கம்ப்யூட்டர்ல போட்டாலும், போர்டை மாத்தினாலும் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது இல்லைன்னா ஃபார்ம் 16, வாடகை ரசீது, கல்யாண போட்டோ எல்லாம் உள்ளேயே. அந்தக் கீ பெரும்பாலும் உங்க மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்ல சேமிச்சிருக்கும். இப்ப இதை லேப்டாப்ல படிச்சிட்டிருந்தா, அடுத்த டேபைத் திறந்து லாகின் பண்ணி அந்த நம்பர் இருக்கான்னு பார்த்து, ஒரு பேப்பர்ல எழுதி பீரோல வச்சிட்டு வாங்க.