விரல்முட்டிமேல் உருளும் காசு



கல்வி என்றவுடன் நம் நினைவுக்கு வருவன புத்தகமும் எழுதுகோலும் ஆகும். கண் படிக்கிறது, செவி கேட்கிறது, மனம் நினைவில் வைக்கிறது என்பதை அறிவோம். ஆனால் கையும் கற்கிறது என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு காசை ஆட்காட்டி விரல் தொடங்கிச் சுண்டுவிரல் வரை விரல்முட்டிகளின்மேல் உருட்டிச் செல்வதும், பின்னர் இரண்டு மூன்று காசுகளை ஒன்றன்பின் ஒன்றாக உருட்டுவதும் கைக்கு உரிய பாடங்கள். மாயவித்தை செய்வோர் இதனை மேடையில் காட்டுவர். ஆயினும் இதில் மாயம் சிறிதும் இல்லை; இருப்பது பழக்கம் ஒன்றே. அப்பழக்கம் எவ்வாறு அமைகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நாம் அறிந்த விளையாட்டு

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்வது ஆசிரியர் வழக்கம். ஆகவே அஞ்சாங்கல்லிலிருந்து தொடங்குவோம். இதனைக் கல்லாங்காய் என்றும் தட்டாங்கல் என்றும் ஊருக்கு ஏற்ப வழங்குவர். மலாய் மக்கள் இதே விளையாட்டுக்கு நம் மாநிலத் தலைநகரின் பெயரையே சேர்த்துப் 'பத்து சிரம்பான்' என்கின்றனர். இங்கே 'பத்து' என்பது எண்ணன்று. மலாய்மொழியில் கல் என்று பொருள். அவர்கள் கற்களைக் கொண்டும், அரிசியோ பயறோ மணலோ இட்டுத் தைத்த சிறு துணிப்பைகளைக் கொண்டும் ஆடுவர்.

இவ்விளையாட்டு மிகப் பழையது. புறநானூற்றின் 36 ஆம் பாடலில், ஆன்பொருநை ஆற்றங்கரையில் பொன்னாற் செய்த கழங்குகளைக் கொண்டு மகளிர் ஆடியதை ஆலத்தூர் கிழார் குறிப்பிடுகின்றார். கழங்கு என்பது கழற்சிக்காய். அக்காய் கிடைக்காத இடத்தில் ஆற்றுக் கூழாங்கல் அதன் இடத்தைப் பெற்றது.

அஞ்சாங்கல்லின் ஒழுங்கைக் கவனியுங்கள். முதல் ஆட்டத்தில் ஒரு கல்லை மேலே வீசி, அது விழுமுன் தரையில் உள்ள கற்களை ஒவ்வொன்றாக எடுக்கிறோம். அடுத்து இரண்டிரண்டாக, அதன் பின்னர் மூன்றும் ஒன்றுமாக, இறுதியில் நான்கையும் ஒருசேர அள்ளுகிறோம். முதல் ஆட்டத்தில் தவறியவர் இரண்டாம் ஆட்டத்துக்குப் போக முடியாது. பின்னர் கற்களை வீசிப் புறங்கையில் ஏந்தி, மீண்டும் உள்ளங்கையில் பிடிக்கிறோம். பல பொருள்களை ஆள்வதற்கு முன் ஒன்றை ஆளப் பழகவேண்டும் என்ற விதியை இந்த ஆட்டமே நமக்குக் கற்பித்துவிடுகிறது. காசு உருட்டுதலுக்கும் அதுவே விதி.

கையின் அமைப்பு

ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. விரல்களை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் விரல்களுக்குள் இல்லை; அவை முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே உள்ளன. அங்கிருந்து தசைநாண்கள் கயிறுபோல் வந்து விரல்களை இழுக்கின்றன. பொம்மலாட்டப் பாவையை நூல் இழுப்பதற்கு இதனை ஒப்பிடலாம்.

இங்கே ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். உள்ளங்கையை மேசைமேல் வைத்து, நடுவிரலை மட்டும் உட்புறமாக மடக்கிக்கொள்ளுங்கள். இப்போது மோதிர விரலை மேலே தூக்குங்கள். பெரும்பாலோர்க்கு அது எழாது. எழுந்தாலும் சிறிதளவே எழும். புறங்கையில் மோதிர விரலின் தசைநாண் அண்டை விரல்களின் தசைநாண்களோடு குறுக்கு இழைகளால் பிணைந்திருப்பதே காரணம். காசு உருட்டும்போது அது பெரும்பாலும் மோதிர விரலில்தான் தடுமாறும். அது சோம்பேறி விரலன்று, கட்டுண்ட விரல். அதற்குக் கூடுதல் காலம் கொடுக்கவேண்டும்.

ஒரு காசை உருட்டும் முறை

காசின் அகலம் விரலின் அகலத்தைவிடக் கூடுதலாக இருத்தல் வேண்டும். 2012 ஆம் ஆண்டில் புழக்கத்துக்கு வந்த 50 சென் நாணயம் 22.65 மில்லிமீட்டர் அகலமுடையது. சிறுவர் கைக்குப் பொருந்தும். 1989 ஆம் ஆண்டு வரிசையின் 50 சென் நாணயம் 27.75 மில்லிமீட்டர், வீட்டில் இருந்தால் பெரியவர்கள் அதைக்கொண்டு பழகலாம்.

1. கையைத் தளர்வாக மடக்கி, புறங்கை மேலே பார்க்குமாறு வைத்துக்கொள்க. விரல்களின் முதற்கணுக்கள் மேசைபோல் சமமாக இருக்கட்டும்.

2. பெருவிரலால் காசைத் தள்ளி, ஆட்காட்டி விரலின் முதுகில் படுக்கவைக்க. காசின் ஓர் ஓரம் நடுவிரலை நோக்கி நீண்டிருக்க வேண்டும்.

3. நடுவிரலைச் சற்று உயர்த்தி, அந்த ஓரத்தின்மேல் மெல்ல அழுத்துக. காசு இரு விரல்களுக்கிடையே நிமிர்ந்து நிற்கும். உடனே ஆட்காட்டி விரலைச் சிறிது உயர்த்த, காசு புரண்டு நடுவிரலின் முதுகில் படுக்கும்.

4. இவ்வாறே மோதிர விரலுக்கும் கடத்துக.

5. மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில் காசைக் கீழே வழுவவிட்டுப் பெருவிரலின் நுனியில் ஏந்துக. பெருவிரல் அதனை உள்ளங்கையின் அடியாகச் சுமந்துவந்து மீண்டும் ஆட்காட்டி விரலில் சேர்க்கும்.

பாய்மேல் அமர்ந்து பழகினால் விழும் காசு ஓடி மறையாது. ஒரே நாளில் இரண்டு மணி நேரம் முயல்வதைவிட நாள்தோறும் பத்து நிமிடம் முயல்வது நன்று. இடக்கையையும் மறவாதீர்கள்.

பல காசுகள்

ஒரு காசு கண்ணால் பாராமலே உருளும் நிலை வந்த பின்னரே இரண்டாம் காசை எடுக்கவேண்டும். இங்கே புதிய இடர் ஒன்று தோன்றும். விரல்கள் நான்கு, பெருவிரலோ ஒன்று. முதற்காசை ஏந்த வேண்டியதும் அதுவே. இரண்டாம் காசைத் தொடங்கிவைக்க வேண்டியதும் அதுவே. ஆகவே முதற்காசைச் சுண்டுவிரல் ஓரத்தில் சிறிது நிறுத்திவைத்து, இரண்டாம் காசை ஆட்காட்டி விரலில் ஏற்றிவிட்டு, அதன் பிறகே பெருவிரல் முதற்காசிடம் செல்லவேண்டும். மூன்று காசுகளாயின் ஒன்று ஆட்காட்டி விரலிலும் ஒன்று மோதிர விரலிலும் ஒன்று பெருவிரலிலும் இருக்கும். ஒவ்வொரு காசுக்கும் முன்னால் ஓர் இடம் காலியாக இருந்தால்தான் அது நகரும். இங்கு வேகம் உதவாது, முறைதான் உதவும்.

பழக்கம் மூளையைத் தொடுகிறது

ஜெர்மனியின் ரெகன்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மூன்று பந்துகளை மாறி மாறி வீசிப் பிடிக்கும் வித்தையை அறியாதோர் சிலர் அதனை மூன்று மாதம் பழகினர். அவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, பொருள்களின் அசைவை உணரும் பகுதிகள் சற்றுப் பருத்திருந்தன. மூன்று மாதம் பயிற்சியைக் கைவிட்டபோது அப்பருமன் குறைந்தது. பழகப் பழக வளரும், விட்டால் தேயும் என்று முன்னோர் கண்டதற்கு இஃது ஒரு சான்று.

பெற்றோர்க்குச் சில சொற்கள்

அன்பார்ந்த பெற்றோர்களே! பிள்ளையின் கையில் காசு சுழலக் கண்டால் சூது பழகுகிறானோ என்று அஞ்சவேண்டா. பந்தயம் வைக்காத இடத்தில் சூது இல்லை. அதை மட்டும் கண்காணியுங்கள். பழகி முடிந்ததும் கைகளைக் கழுவச் செய்யுங்கள். காசுகளைத் தவழும் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள்.

மற்றொன்றும் கூற விரும்புகிறோம். "எங்களுக்குப் படிப்பு இல்லை, பிள்ளைக்குச் சொல்லித்தர எங்களால் ஆகுமா?" என்று எங்களிடம் கேட்போர் பலர். இன்று நம் மாநிலத் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. ஆயினும் பால்மரம் சீவிய கைகள் நம் வீடுகளில் இன்னும் உள்ளன. மரத்தின் பட்டையை ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் அளவே சீவவேண்டும். கத்தி ஆழ்ந்தால் உள்ளே உள்ள வளர்படலம் காயமுறும். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். ஆழம் குறைந்தால் மங்கில் பால் நிறையாது. எந்த அளவுகோலும் இன்றி விடியுமுன் விளக்கொளியில் அந்த அளவை அறிந்தது கை. அக்கை ஒரு நாளில் கற்றதன்று. தவறித் திருத்தி, திருத்திப் பழகியே கற்றது.

அவ்வாறு கற்ற நீங்கள் கற்றலின் வழியை நன்கு அறிந்தவர்களே. பிள்ளையின் எழுத்து கோணும்போதும், வாய்பாடு தடுமாறும்போதும், "இது உனக்கு வராது" என்று கூறாதீர்கள். மோதிர விரலைப்போல் அவனிடமும் ஏதோ ஒன்று கட்டுண்டு நிற்கலாம். உங்கள் கை எவ்வாறு கற்றது என்பதை அவனுக்குச் சொல்லுங்கள். அது எங்கள் வகுப்பறையில் நாங்கள் தரமுடியாத பாடம்.

மாணவர்களே! இவ்விடுமுறையில் ஒரு காசோடு தொடங்குங்கள். எத்தனை நாளில் மோதிர விரலைக் கடந்தது என்பதை ஒரு தாளில் குறித்துவந்து, பள்ளி திறந்ததும் உங்கள் வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள். விரைவில் கடந்தவர் யார் என்று நாம் கேட்கப்போவதில்லை; விடாமல் குறித்துவந்தவர் யார் என்றே பார்ப்போம்.