குழல் நீண்டால் குறி தப்பாதா?

தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். சேலம், நாமக்கல் பக்கம் அப்போது நிலைய வாசலில் அடிபடும் பேச்சு இது: "பேரல் நீளமாச்சே, எவ்வளவு தூரமும் போகும், குறியும் தப்பாது." முன்பாதி ஓரளவு சரி. பின்பாதிதான் வம்பு.

நம்பிக்கை: நீளக் குழல் குறி தப்பாது.

உண்மை: நீளம் தருவது வேகம். மருந்து எரிந்து கிளம்பும் வாயு, தோட்டா குழலுக்குள் இருக்கும்வரைதான் அதை உந்தித் தள்ளும். .308 ரக ரைஃபிளில் ஓர் அங்குலம் கூடினால் நொடிக்கு 6 முதல் 9 மீட்டர் வரை வேகம் கூடலாம். ஆயிரம் கெஜத்தில் சுடுகிறவருக்கு அது லாபம். தோட்டா தாழ்வதும் காற்றுக்கு ஒதுங்குவதும் குறையும். (நம் சித்திரை வெயிலில், கானல் ஆடும்போது அந்தத் தூரத்தில் குறிப்பலகையே கண்ணுக்கு நிலைக்காது என்பது வேறு விஷயம்.)

குறி வேறு கணக்கு. ஒரு முனையில் இறுக்கிய கம்பி, அதே தடிமனில் நீளம் இரட்டித்தால், அதே விசைக்கு எட்டு மடங்கு வளையும். ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. சுடும்போது குழலும் அப்படித்தான் அதிர்ந்து வளையும்; அதனால் குட்டையாக, தடிமனாக, நன்றாகக் கடைந்த குழல் மெலிந்த நீளக் குழலைக் குறியில் மிஞ்சுவது சகஜம். 1903இல் பிரிட்டிஷ் ராணுவம் லீ என்ஃபீல்டின் 30 அங்குலக் குழலில் 5 அங்குலத்தைக் குறைத்தபோது, போட்டிகளில் சுடுகிறவர்கள் குறி போச்சென்று கூச்சலிட்டார்கள். அந்தக் குட்டை ரைஃபிள்தான் நம் போலீஸ்காரர்கள் பல்லாண்டு தோளில் சுமந்த 'த்ரீ நாட் த்ரீ'.

நம்பிக்கை: மலை நாட்டுத் துப்பாக்கியின் நீளக் குழாயே சாட்சி.

உண்மை: கொல்லிமலையிலும் கல்வராயனிலும் புழங்கிய அந்தக் குழாயின் உட்புறம் வழவழப்பு. ரைஃபிளில் இருக்கும் திருகுப் புரி அதில் கிடையாது. ரவை சிதறத்தான் செய்யும், எவ்வளவு நீட்டினாலும். உரிமமின்றி வைத்திருந்தால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.

நம்பிக்கை: ஒலிம்பிக் ரைஃபிள்கள் நீளமாகத்தானே இருக்கின்றன?

உண்மை: 2008இல் அபினவ் பிந்த்ராவுக்குத் தங்கமும், 2012இல் சென்னையில் பிறந்த ககன் நாரங்குக்கு வெண்கலமும் தந்தது 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டி. இந்த ரக ரைஃபிள்கள் பலவற்றில் உண்மையான குழல் சுமார் 42 செ.மீ. தான். அதற்கு முன்னால் நீள்வது வெற்றுக் குழாய். முன்குறி கண்ணிலிருந்து தள்ளி நின்றால் குறிபார்ப்பதில் பிசகு குறையும் என்பதற்காக மாட்டியது. 50 மீட்டருக்கான .22 ரைஃபிளிலும் பதினாறு, பத்தொன்பது அங்குலத்துக்குள் வேகம் உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் உராய்வுதான் மிச்சம்.

ஆகவே, நீளத்தைக் காட்டி விலை கூட்டும் கடைக்காரரிடம், இது எத்தனை மீட்டர் போட்டிக்கு என்று முதலில் கேளுங்கள்.