வீட்டுப் பாட்டு சர்வர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஊர்த் திருவிழாவில் அப்பா கேசட்டில் பதிவு செய்த நாகஸ்வரக் கச்சேரி எந்த ஸ்ட்ரீமிங் செயலியிலும் கிடைக்காது. அதைக் கைப்பேசியில் கேட்க வேண்டும் என்ற ஆசையில்தான் வீட்டில் சர்வர் வைத்தேன். வைக்க நினைப்பவர்களைத் தயங்க வைக்கும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: பெரிய கணினி வேண்டும்.
உண்மை: வேண்டாம். நாவிட்ரோம் என்ற கட்டற்ற பாட்டு சர்வர் மென்பொருள் உள்ளங்கை அளவு ராஸ்பெரி பை கணினியிலேயே ஓடும். பரணில் கிடக்கும் பழைய லேப்டாப்பும் போதும். 5 வாட் இழுக்கும் சிறு கணினி இரவு பகலாக ஓடினாலும் மாதத்துக்கு 3.6 யூனிட்தான்.

நம்பிக்கை: எம்பி3 பாட்டை ஒலி இழக்காத ஃபிளாக் வடிவில் மாற்றினால் தரம் கூடும்.
உண்மை: எம்பி3 ஆக்கும்போது கழித்துவிட்ட ஒலி திரும்பி வராது, கோப்புதான் பருக்கும். சிடியிலிருந்து நேராக எடுக்கும்போது ஃபிளாக்கில் எடுங்கள். வெளியூரில் டேட்டா குறைவாக இருந்தால் சர்வரே ஓபஸ் வடிவில் சுருக்கி அனுப்பும். மூலக் கோப்புக்கு ஒன்றும் ஆகாது.

நம்பிக்கை: பாட்டுகளை ஃபோல்டரில் போட்டால் மென்பொருளே அடுக்கிவிடும்.
உண்மை: பலர் மனம் சோர்ந்து விட்டுவிடுவது இங்கேதான். நாவிட்ரோம் ஃபோல்டரின் பெயரைப் பார்த்து அடுக்குவதில்லை. கோப்புக்குள் பாட்டு, பாடகர், ஆல்பம் பெயர்களைக் குறித்திருக்கும் டேக்கைப் படிக்கிறது. ஒரு படத்தில் ஐந்து பாட்டு, ஐந்து பாடகர்கள். 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' கட்டம் காலியாக இருந்தால் ஒரே படம் ஐந்து ஆல்பமாகச் சிதறும். அந்தக் கட்டத்தில் இசையமைப்பாளர் பெயரை எழுதுங்கள், படம் ஒன்று சேரும். இளையராஜா பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதியிருந்தால் மூன்று இளையராஜாக்கள் வருவார்கள். தமிழிலேயே எழுதலாம், அழகாகத் தெரியும். கர்நாடக இசையில் பெரும்பாலும் பாடியவர் வேறு, இயற்றியவர் வேறு; இருவரையும் தனித்தனிக் கட்டங்களில் எழுதுங்கள். ராகத்தைப் பாட்டின் பெயரோடு சேர்த்துவிடுவது என் வழக்கம். மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட் என்ற மென்பொருள் டேக் எழுதுவதில் பாதி வேலையைச் செய்து தரும். மீதியை நாம்தான் உட்கார்ந்து செய்ய வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து ஆல்பம் என்று வைத்துக்கொண்டேன். கேட்டுக்கொண்டே செய்ததால் அலுக்கவில்லை.

நம்பிக்கை: வெளியிலிருந்து கேட்க ரூட்டரில் போர்ட் திறந்தே ஆக வேண்டும்.
உண்மை: திறந்தால் உலகமே வந்து தட்டும். பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபி முகவரியைப் பகிர்ந்து தரும் இணைப்பில் திறந்தும் பயனில்லை. டெயில்ஸ்கேல் என்ற செயலியை இரண்டிலும் போட்டால் போர்ட் திறக்காமலே உங்கள் கைப்பேசியும் சர்வரும் மட்டும் பேசிக்கொள்ளும்.

நம்பிக்கை: ஒரே கோப்பை இரண்டிலும் எழுதும் ரெய்டு முறையில் இரண்டு டிஸ்க் இருக்கிறது, இனி பயமில்லை.
உண்மை: ஒரு டிஸ்க் செத்தால் மற்றது காப்பாற்றும். கை தவறி அழித்தாலோ இரண்டிலும் அழியும். தனியாக ஒரு பிரதி வேண்டும், அதுவும் வேறு வீட்டில். அப்பாவின் நாகஸ்வரம் அக்கா வீட்டு பீரோவில், ஒரு சிறிய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. பொங்கலுக்குப் போகும்போதெல்லாம் அதை எடுத்து ஓட்டிப் பார்க்கிறேன்.