ஒரு பகுதி மட்டும் வருமான வரியை உயர்த்தினால்?

வரியை உயர்த்தினால் அரசின் வருவாய் கூடும். வரிகள் பற்றிய பாடத்தை நடத்தும்போது மாணவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் விடை சொல்வார்கள். அது பாதி உண்மைதான் என்பதை விளக்க ஸ்காட்லாந்து நல்ல எடுத்துக்காட்டு.

பின்னணி

1997 செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் ஸ்காட்லாந்து மக்களிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டன. தனி நாடாளுமன்றம் வேண்டுமா? அதற்கு வரியை மாற்றும் அதிகாரம் வேண்டுமா? இரண்டாவது கேள்விக்கு 63.5 விழுக்காட்டினர் ‘ஆம்’ என்றனர். அடிப்படை வரிவீதத்தை 3 விழுக்காட்டுப் புள்ளிகள் வரை கூட்டவோ குறைக்கவோ அதிகாரம் கிடைத்தது. ஆனால் எந்த அரசும் அதைப் பயன்படுத்தவில்லை. வாக்காளரின் கோபத்துக்கு அஞ்சாத கட்சி ஏது?

2017 ஏப்ரல் முதல் ஊதியம், ஓய்வூதியம் போன்றவற்றுக்கான வரிவீதங்களையும் படிநிலைகளையும் ஸ்காட்லாந்தே முடிவு செய்கிறது. 2024-25இல் அங்கு ஆறு படிநிலைகள் இருந்தன. உச்ச வீதம் 48%, இங்கிலாந்தில் 45%.

கரும்பலகைக் கணக்கு

ஆண்டு ஊதியம் 50,000 பவுண்டு என்க. 2024-25இல் 43,662 பவுண்டுக்கு மேற்பட்ட 6,338 பவுண்டுக்கு ஸ்காட்லாந்தில் 42%, இங்கிலாந்தில் 20%. இந்தப் பகுதியில் மட்டும் வேறுபாடு சுமார் 1,394 பவுண்டு. உயர்ந்த வீதம் முழு ஊதியத்துக்கும் அல்ல, அந்தப் படிநிலைக்குள் வரும் தொகைக்கு மட்டுமே என்பதை இங்கே வலியுறுத்துங்கள். வளர்வீத வரியில் மாணவர்கள் தடுமாறும் இடம் இதுதான்.

பொருளாதார விளைவுகள்

1. எல்லை தாண்டினால் குறைந்த வரி. எனவே அதிக வருமானம் உள்ள சிலர் இடம்பெயரலாம். புதிதாக வர நினைப்பவர் தயங்கலாம்.
2. பங்காதாயத்துக்கான வரி லண்டனின் அதிகாரத்தில் உள்ளது. சொந்த நிறுவனம் நடத்துபவர் ஊதியத்தைக் குறைத்துப் பங்காதாயமாகப் பெற வழியுண்டு. மாத ஊதியக்காரருக்கு அந்த வழியில்லை.
3. வரி அதிகாரம் மாற்றப்பட்டதால் லண்டன் தரும் மானியத்தில் அதற்கேற்ற தொகை கழிக்கப்படுகிறது. நாட்டின் பிற பகுதிகளைவிட ஸ்காட்லாந்தின் வருமானம் மெதுவாக வளர்ந்தால், உயர்த்திய வரியின் ஒரு பங்கு அந்தக் கழிவிலேயே கரைந்துவிடும்.

அரசியல் விளைவுகள்

ஸ்காட்லாந்து மாணவருக்கு அங்கே பல்கலைக்கழகக் கல்விக் கட்டணம் இல்லை. மருந்துச் சீட்டுக்கும் கட்டணம் இல்லை. வரியை இச்சேவைகளோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்கிறது ஆளும் தரப்பு. நடுத்தர ஊதியக்காரரும் சுமக்க வேண்டியுள்ளது என்கிறது எதிர்த்தரப்பு. எப்படியாயினும், “லண்டன் பணம் தரவில்லை” என்று மட்டும் இனிச் சொல்ல முடியாது. வரி விதிப்பவரே பதிலும் சொல்ல வேண்டும்.

நம் நாட்டில்

அரசமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி வேளாண் வருமானத்துக்கு மட்டுமே மாநிலங்கள் வருமான வரி விதிக்கலாம். மற்ற வருமானம் ஒன்றிய அரசுக்குரியது. நம் ஊதியத்தில் பிடிக்கப்படும் தொழில் வரி, உறுப்பு 276இன்படி ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது.

வகுப்பறைச் செயல்பாடு

வகுப்பை மூன்று குழுக்களாகப் பிரியுங்கள்: நிதியமைச்சர், மருத்துவர், கல்லூரி மாணவர். வரி உயர்வு பற்றி ஒவ்வொரு குழுவும் மூன்று வாக்கியம் பேசட்டும். பிறகு குழுக்களை மாற்றி அமையுங்கள். நேற்று எதிர்த்த வாதத்தை இன்று தாமே எடுத்துரைக்கும்போது, வரிக்கு இரு பக்கங்கள் உண்டென்பது மாணவர் மனத்தில் பதியும்.