அறுகோணப் பூக்கள்

வீட்டில் உடை தைத்து மிஞ்சும் துண்டுத் துணிகளை என்ன செய்கிறோம்? தலையணைக்குள் திணிக்கிறோம், அல்லது அடுப்படியில் பாத்திரம் இறக்கும் கைப்பிடித் துணியாக்குகிறோம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெண்கள் அத்துண்டுகளை அறுகோணமாக மடித்து, கையாலேயே இணைத்து, கட்டில் போர்வைகள் தைத்தார்கள். 1835ஆம் ஆண்டிலேயே பிலடெல்பியாவில் வெளிவந்த ‘கோடீஸ் லேடீஸ் புக்’ என்னும் இதழ் இத்தையலைத் தன் வாசகியருக்குக் கற்பித்தது.

ஏன் அறுகோணம்? ஒழுங்கு அறுகோணத்தின் ஒவ்வொரு கோணமும் 120 பாகை. மூன்று துண்டுகள் ஓரிடத்தில் கூடினால் 360 பாகை நிறைந்து, இடைவெளியே இராது. தேனீக்களின் கூடும் இவ்வாறே. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. ஒரு பூ மலர்ந்துவிடும். அடுத்த சுற்றுக்கு 12, அதற்கடுத்ததற்கு 18. இவ்வகைப் பூப்போர்வையை அமெரிக்கர் ‘பாட்டியின் பூந்தோட்டம்’ என்று அழைக்கின்றனர்.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். தாளில் அறுகோணம் வெட்டி, அதைவிடக் கால் அங்குலம் பெரிய துணியை அதன்மேல் மடித்து, தற்காலிகத் தையல் போட வேண்டும். பின்பு இரு துண்டுகளை முகத்தோடு முகம் வைத்து, தாளைக் குத்தாமல் விளிம்பை மட்டும் நெருக்கமாகத் தைக்க வேண்டும். ஆறு பக்கமும் இணைந்த பிறகே உள்ளிருக்கும் தாளை உருவலாம். பக்கம் ஓர் அங்குலமானால், ஆறடிக்கு ஐந்தடிப் போர்வைக்கு ஏறக்குறைய 1,660 துண்டுகள், சுமார் 5,000 இணைப்புகள்! கணக்குப் போட்டதும் எங்களில் பாதிப்பேர் ஊசியைக் கீழே வைத்துவிட்டோம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் குவாரியில் வெடிமருந்து கையாண்ட ஆல்பர்ட் ஸ்மால் என்பவர் ஒரே போர்வையில் 1,23,200 அறுகோணங்களைத் தைத்தார். ஆண்பிள்ளைக்குத் தையல் வராது என்பாரிடம் இதைச் சொல்லலாம்.

எங்களுக்கு மிகவும் பிடித்தவர் லூசி பாஸ்டன் அம்மையார். 1892இல் பிறந்த இவர், ஹெமிங்போர்டு கிரே என்னும் சிற்றூரில் 12ஆம் நூற்றாண்டு வீடொன்றில் வாழ்ந்தார். முதல் நூல் வெளியானது 1954இல், அறுபது வயதுக்கு மேல்! 1961ஆம் ஆண்டிற்கான கார்னகி பதக்கமும் பெற்றார். கோடையெல்லாம் தோட்டவேலை, குளிர்காலமெல்லாம் தையல். பழைய ஒட்டுப்போர்வைகளைத் திரைச்சீலையாக மாட்டி, அவற்றின் கிழிசலைச் சரிசெய்ததில் தொடங்கிய பழக்கம் முதுமை வரை தொடர்ந்தது. அவருடைய புகழ்பெற்ற சிலுவை வடிவப் போர்வையில் நீண்ட அறுகோணத் துண்டுகள் 24 சேர்ந்து ஒரு கட்டமாகும். துணியிலுள்ள கோடும் பூவும் எங்கே விழவேண்டும் என்று பார்த்துப் பார்த்து வெட்டியதால், சாதாரணத் துணியும் சித்திரமாயிற்று. 1990இல் 97 வயதில் அவர் மறைந்தார்.

இதையெல்லாம் கேட்டு ஆசைப்பட்டு, நாங்களும் தையல் வகுப்பில் தொடங்கினோம். ஒன்பது பூக்கள் முடிந்தன. இணைக்கப் பார்த்தால் ஒன்றோடொன்று சேரவில்லை! தவறு துணியிலில்லை. வெட்டிய தாளை வைத்து அடுத்த தாளை வரைந்தோம். அதை வைத்து அதற்கடுத்ததை. ஒவ்வொரு முறையும் பென்சில் கோட்டளவு கூடிக்கொண்டே போயிற்று. சிஸ்டர் கோபிக்கவில்லை. பிஸ்கட் டின் தகரத்தில் ஒரே ஓர் அச்சு வெட்டிக் கொடுத்து, “எல்லாரும் இதையே வைத்து வரையுங்கள், பிரிப்பதும் தையல் பாடந்தான்” என்றார்கள். பிரிக்க இரண்டு வாரம் ஆயிற்று.

இங்கிலாந்தில் முடிக்கப்படாத பழைய போர்வைகளுள் தாள்கள் அப்படியே இருக்கின்றனவாம். பழைய கடிதம், கணக்குச் சீட்டு, பிள்ளைகளின் கையெழுத்துப் பயிற்சி எல்லாம் அவற்றில் உண்டு. அரைப்பரீட்சைக்குப் பின் எங்கள் தோழி ஒருத்தி, தந்தைக்கு மாற்றலாகிப் பள்ளியை விட்டுச் சென்றாள். அவள் விட்டுப்போன நீலப் பூவின் ஆறு இதழ்களிலும் அவளுடைய கணக்கு நோட்டுத் தாள் இருந்தது. போர்வையில் அதைச் சேர்த்தபோது ஒவ்வொன்றாக உருவினோம். ஐந்தில் கணக்கு சரி. ஆறாவதில் விடை தவறு. சிவப்பு மையில் சுழித்திருந்தது. அந்த ஒன்றை மட்டும் திரும்ப உள்ளே வைத்துத் தைத்துவிட்டோம்.