அந்தச் சொல்லை இங்கே சொல்லாதே

அன்புள்ள தம்பிக்கு,

மாமல்லபுரத்தில் வைத்தியசாலை திறந்துவிட்டாய் என்று கேட்டு மனம் நிறைந்தது. உன்னோடு ஆயுர்வேதம் படித்த மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பத்திரிகை வழியாக எழுதுகிறேன்.

உன்னிடம் சோரியாசிஸ்காரர்கள் நிறையப் பேர் வருவார்கள். களிம்பை மாற்றி மாற்றிப் பூசி அலுத்துப்போய்க் கடைசியில் நம் வாசலை மிதிப்பவர்கள். நீ படித்த சரக சம்ஹிதையில் இது பெரும்பாலும் ஏககுஷ்டம். பதினெட்டு வகைக் குஷ்டங்களில் ஒன்று. வியர்க்காமல், அகலப் பரவி, மீன் செதிலைப் போலிருக்கும் என்று அடையாளம் சொல்லியிருக்கிறார்கள். மீனவக் குப்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உனக்கு அந்த உவமையின் துல்லியம் முதல் நோயாளியிலேயே விளங்கிவிடும். ஆனால் நோயின் அந்தப் பெயரை மட்டும் அவர் காதில் போட்டுவிடாதே.

செங்கல்பட்டுக்காரர்களுக்குக் குஷ்டம் என்றால் திருமணி. லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்த இடம். 1955-இல் மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமானது. சொந்தக்காரர்களே கைவிட்ட மனிதர்களின் நினைவு அந்த ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் தொழில் தொடங்கிய புதிதில் ஓர் அம்மாவிடம், நூலில் உள்ளபடியே, "இது ஒரு குஷ்ட வகை" என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் வந்தபோது தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்துக்கொண்டிருந்தார். பேரனைத் தூக்குவதை நிறுத்தியிருந்தார். தோல் தேறிய பிறகும் அந்தப் பயம் போக நெடுநாள் ஆனது. இன்றும் அதை நினைத்தால் எனக்கு வலிக்கிறது.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததில்லை. ஐரோப்பாவிலும் சோரியாசிஸ், தொழுநோய் இரண்டையும் நெடுங்காலம் ஒன்றாகவே பார்த்தார்கள்; 1841-இல் வியன்னாவின் எப்ரா என்ற மருத்துவர்தான் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். நீயும் ஒவ்வொரு முறையும் பிரித்துப் பார். பஞ்சுத் திரியால் தோல் படையைத் தொட்டு, தெரிகிறதா என்று கேள். உணர்ச்சி இல்லை, நரம்பு தடித்திருக்கிறது என்றால் நம் தைலத்தை எடுக்காதே. தொழுநோய்க்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது, அன்றே அனுப்பு.

சோரியாசிஸ்தான் என்றால் வெறுங்கையால் அந்தத் தோலைத் தொட்டுக்கொண்டே பேசு. புதுத்தோல் அடியிலிருந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய 28 நாள் ஆகும். உங்கள் உடம்பின் காவல்படை தவறாகத் தூண்டப்பட்டு அது மூன்று, நான்கு நாளிலேயே நடக்கிறது, அதனால்தான் செதில் குவிகிறது, யாருக்கும் ஒட்டாது என்று சொல். வீட்டாரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்.

நம் கையில் நல்ல மருந்து உண்டு. வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காயெண்ணெயில் போட்டுச் சில நாள் வெயிலில் வைத்தால் எண்ணெய் கருஊதாவாக மாறும். செதிலை இளக்கும், அரிப்பை அடக்கும். துணியில் கறை படியும் என்பதை முன்பே சொல்லிவிடு. வெள்ளை வேட்டிக்காரர்கள் அதற்காகவே நிறுத்திவிடுவார்கள். உள்ளுக்கு வேம்பு, சீந்தில், ஆடாதோடை, பேய்ப்புடல், கண்டங்கத்திரி சேர்ந்த பஞ்சதிக்த நெய், பிறகு பேதி. ஆனால் உயிர்ப்பலத்தைக் காத்துக்கொண்டே பலமுறை சுத்தி செய்யச் சொல்கிறது சாஸ்திரம். ஒரே மூச்சில் வயிற்றைக் கழுவித் தள்ளுவது வைத்தியமாகாது. சர்க்கரையும் கொழுப்பும் ஏறியவருக்கு நெய் கொடுக்குமுன் ரத்தப் பரிசோதனை பார். இந்த நோய்க்காரர்களுக்கு அவை சேர்ந்து வருவது அதிகம். கார்போகி எண்ணெயைக் கடலுக்குப் போகிறவருக்குக் கொடுக்கவே கொடுக்காதே. அதோடு வெயில் சேர்ந்தால் தோல் வெந்துபோகும்.

உன் ஊர்ச் சிற்பிகளைக் கவனித்துப் பார். காயமோ சிராய்ப்போ பட்ட இடத்தில் புதுப் படை கிளம்புவது இந்த நோயின் குணம். உளி பிடிக்கும் கையும் கல்லில் ஊன்றும் முழங்காலும் முதலில் வெடிக்கும். வலைக்கயிறு இழுப்பவர் கையும் அப்படித்தான். தொழிலை விடு என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. கைக்குத் துணி சுற்றச் சொல், முழங்காலுக்குச் சாக்கு மடித்துப் போடச் சொல்.

பத்தியத்திலும் அப்படித்தான். பாலும் மீனும் சேர்த்து உண்பதை மட்டுமல்ல, மீனையே நூல் விலக்குகிறது. ஆனால் குப்பத்து மனிதரிடம் மீனே ஆகாது என்றால் அவர் என்ன சாப்பிடுவார்? சாராயத்தை நிறுத்தச் சொல். அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே.

வேரோடு எடுத்துவிடுகிறேன் என்று எந்த நோயாளியிடமும் சொல்லாதே. இது அடங்கும், திரும்பும், மறுபடி அடங்கும். அந்த வாக்கை நம்பி, சாப்பிட்டுக்கொண்டிருந்த ஸ்டீராய்டு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தி, உடம்பு முழுக்கச் சிவந்து உரிந்து, குளிரில் நடுங்கியபடி வந்தவரை நான் பார்த்திருக்கிறேன். அது உயிருக்கே ஆபத்து. அப்படி யார் வந்தாலும் உடனே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வண்டி ஏற்று. காலையில் விரல் மடங்கவில்லை, நகத்தில் குண்டூசிக் குழிகள் என்றால் மூட்டையும் பிடித்திருக்கலாம். தாமதித்தால் விரல் கோணிவிடும். நவீன மருத்துவரிடம் அனுப்பிவிட்டு, தைலத்தை நீ தொடர்ந்து கொடு.

மழை விட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. செங்கல்பட்டுக் குன்றுப் புதர்களில் வெட்பாலை தழைத்திருக்கும். கிள்ளினால் பால் வரும். அடையாளம் காட்டுகிறேன், இந்த வருஷத்துத் தைலத்துக்குச் சேர்ந்தே இலை பறிப்போம்.

அன்புடன்,
உன் அண்ணன்